ஐந்துக்கு ஒன்று

காலை எட்டு மணிக்குக் கணக்கு சாரின் வெள்ளைக் கார் எங்கே நிற்கும் என்பது இந்தக் கதையை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், மகள் குடியிருக்கும் மாடிக்கு ஆறு வீடு தள்ளி. இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், காரை டாக்ஸி ஆப்பில் பதிந்துகொண்டு வாடகைக்கு ஓட்டுகிறார். ஒரே மகள், வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்று. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, இனி அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்றாள். சார் நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் சாப்பாட்டு மேசையில், "எந்தக் கணக்கையும் பாதியில விட்டுட்டு வரக் கூடாது. திரும்பிப் போய் முடிக்கிற வழியைப் பாரு" என்றார். மறுநாள் காலை பாப்பா பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது எந்த அப்பாவுக்கும் நடந்திருக்காது. வாசலில் நின்று அவள் ஆப்பில் கார் கேட்டாள். ஆப்புக்கு அப்பன் மகள் என்றெல்லாம் தெரியுமா? பக்கத்தில் எந்தக் கார் இருக்கிறதோ அதை அனுப்பும். மிகப் பக்கத்தில் இருந்தது, சார் துடைத்து நிறுத்தி வேலைக்குக் கிளம்பத் தயாராக வைத்திருந்த அதே வெள்ளைக் கார். மாட்டேன் என்று அவரும் சொல்லவில்லை, வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு. அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷப் பயணத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று இறங்கிய இடத்திலேயே அவள் ஒரு மாடி அறை எடுத்து, பல் செட் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சார் தினமும் அந்தத் தெருவில் வந்து நிற்கிறார். போய்க் கதவைத் தட்ட மனசு வராது. ஆனால் அவள் கார் கேட்டு, அது தன் காருக்கே வந்துவிட்டால்? அப்போது யாரும் யாரிடமும் இறங்கி வந்த மாதிரி ஆகாது. அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

இன்றும் எட்டு பத்துக்குப் பாப்பா இறங்கி வந்தாள். அதே பழுப்புப் பை. கண்ணாடி போட்டிருந்தாள், எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவை ஒரு பார்வை பார்த்தாள். பார்வை வெள்ளைக் காரில் ஒரு நொடி நின்றது. பிறகு ஃபோனைத் தட்டினாள்.

சாரின் ஃபோன் வாயே திறக்கவில்லை. ஏழு நிமிஷம் கழித்து எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. இத்தனைக்கும் தெருவில் சும்மா நின்ற கார் அவருடையது ஒன்றுதான். 'என் பேரைப் பாத்ததும் வேண்டாம்னு தள்ளிடறா' என்று வழக்கம்போல நினைத்துக்கொண்டார். ஆனால் இன்று ஒன்று புதிது. சிவப்புக் கார் வருவதற்கு முன்னால், பாப்பா இவர் காரை நோக்கி நாலு எட்டு எடுத்து வைத்தாள், ஃபோனைப் பார்த்தாள், திரும்பிப் போய் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த நாலு எட்டை யோசித்துக்கொண்டேதான் அன்றைய முதல் பயணியை ஏற்றினார்.

அந்தப் பயணி மடியில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தை வைத்திருந்தார். பழுது பார்க்கக் கொண்டு போகிறாராம். நன்றாகத்தானே ஓடுகிறது என்று சார் கேட்டதற்கு, ஓடுகிறது, ஆனால் மனைவி போனதிலிருந்து சத்தம் அதிகமாகக் கேட்கிறது, குறைக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன் என்றார். சார் ரேடியோவை அணைத்தார். இறங்கும்போது அந்த மனிதர் கடிகாரத்துக்கு வெயில் படாமல் துண்டு போட்டு மூடிக்கொண்டு போனார்.

பயணம் முடிந்ததும் ஆப் கேட்கும்: பயணிக்கு எத்தனை நட்சத்திரம்? மற்ற ஓட்டுநர்கள் எல்லாருக்கும் ஐந்தைத் தட்டிவிட்டு அடுத்த சவாரிக்குப் போவார்கள். சார் அப்படிச் செய்கிறவரா? பள்ளிக்கூடத்தில் ஒரு பயலுக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். காரை ஓரமாக நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, யோசித்துத்தான் போடுவார். கடிகாரக்காரருக்கு நாலு. சொன்ன இடத்துக்கு இரண்டு நிமிஷம் தாமதமாக வந்ததற்காக ஒன்று குறைத்தார்.

அடுத்து ஒரு கணவன் மனைவி. பின் சீட்டில் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஃபோனில் தட்டுவான், அவள் ஃபோன் கிணுகிணுக்கும். அவள் தட்டுவாள், அவன் ஃபோன் கிணுகிணுக்கும். ஊர்க்கோடி வரைக்கும் சண்டையை இப்படியே போட்டு முடித்துவிட்டு, இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவரிடம் மட்டும் "வரோம் சார்" என்றார்கள். கதவை அறைந்து சாத்தியதற்கு இரண்டு மார்க் போனது.

இப்படி எத்தனையோ பேர். இருபது நிமிஷத்தில் சொந்த வீட்டில் சொல்லாததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். அப்புறம் கார் காலியாகக் கிடக்கும். முதல் வருடம் ஒரு ரயில்வே கார்டு ஏறினார், ஓய்வு பெற்றவர். வழி முழுக்கச் சிரிக்க வைத்தார். பாப்பா போன பிறகு சார் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். ஆனால் வேர்க்கடலைத் தோலைக் கீழே போட்டுவிட்டார். நியாயம் நியாயம்தானே என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றைத் தட்டினார் சார். அதன் பிறகு அந்தப் பேட்டைக்கே எத்தனையோ தடவை போய் நின்று பார்த்தார். கார்டு திரும்ப ஏறவே இல்லை. பிடித்தவர்கள் யாரும் இரண்டாம் தடவை வராத ராசி தனக்கு என்று இருந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு ஏறிய பெண் கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள். போக வேண்டிய இடம் ஆப் கம்பெனியின் அலுவலகமே. புகார் கேட்கும் பிரிவில் எட்டு வருடமாக வேலையாம். காலையிலிருந்து மாலை வரை ஊரார் திட்டைக் காதில் வாங்கிக்கொள்கிற ஆளுக்கு அவ்வளவு கலகலப்பு எங்கிருந்து வந்ததோ, ஏறியதும் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். பேச்சோடு பேச்சாக, நீங்கள் பயணிகளுக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டாள்.

சாருக்குப் பெருமை தாங்கவில்லை. யாருக்கும் இதுவரை ஐந்து போட்டதில்லை, தப்பு செய்தால் ஒன்று போடவும் தயங்கியதில்லை என்றார்.

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"சார், ஒண்ணு போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அடுத்த தடவை ஒழுங்கா நடந்துக்குவாங்க."

"அடுத்த தடவையே கிடையாது சார். ஒண்ணு போட்ட ஆளையும் உங்களையும் ஆப் திரும்பச் சேக்கவே சேக்காது. அவங்க உங்க கார் பக்கத்துலயே நின்னு கேட்டாலும் ஊர்க்கோடியில இருந்து வேற கார்தான் வரும். சேரும்போது விதிமுறையில படிச்சிருப்பீங்களே."

சார் படிக்கவில்லை. கேள்வித்தாளை இரண்டு தடவை படி என்று முப்பத்தோரு வருடம் தொண்டை வற்றக் கத்தியவர், முப்பது பக்க விதிமுறையைப் படிக்காமல் கடைசியில் இருந்த 'சம்மதம்' என்பதைத் தட்டியிருந்தார்.

சிக்னல் பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த மாடி வீட்டு வாசலில் பாப்பா இறங்கியது அவர் கண்முன் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வந்து, ஊர் பேர் தெரியாத ஓட்டுநரிடம் சொல்வது போல "தேங்க்ஸ்" என்றாள். அப்பாவிடம் தேங்க்ஸ். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆப் எத்தனை என்று கேட்டது. அவர் ஒன்றைத் தட்டினார். யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒன்று செய்ததையே அவர் மறந்து போயிருந்தார்.

அலுவலகத்தில் ஓட்டுநர்களுக்கென்று கீழ்த்தளத்தில் ஒரு கவுன்ட்டர் இருந்தது. ஹெட்ஃபோன் பெண்ணே வழி காட்டிவிட்டு மேலே போனாள். கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். சாரின் பேரில் இருந்த பட்டியலைத் திறந்து பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருநூற்றுப் பதினாலு பேரை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, இதில் யாரை விடுவிக்க வேண்டும் என்று கேட்டார்.

சார் மகளின் ஃபோன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். இரண்டு வருடமாக அந்த நம்பரை அவர் அழைத்ததில்லை. ஆனாலும் ஓர் எண் பிசகவில்லை.

"காரணம் 'மரியாதைக் குறைவு'ன்னு போட்டிருக்கீங்க" என்றார் அந்த அம்மாள். "எடுத்துடலாம் சார். ஆனா நீங்க மட்டும் கேட்டாப் போதாது, அவங்களும் சம்மதிக்கணும். உங்க ஃபோனுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பறேன். நீங்க 'அனுப்பு'ன்னு தட்டினா அவங்களுக்கு ஒரு தகவல் போகும். இந்த ஓட்டுநர் இந்தத் தேதியில, இந்தக் காரணத்துக்காக உங்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர். திரும்ப உங்களை ஏத்திக்கிட்டுப் போக விரும்பறார். சம்மதமான்னு."

தேதியும் காரணமும் போகாமல் அனுப்ப முடியாதா என்று சார் கேட்டார்.

"முடியாது சார். யார் ஒதுக்கினாங்கன்னு தெரியாம எப்படி அவங்க சம்மதம் சொல்வாங்க? இதுவரைக்கும் அவங்களுக்கு இது தெரியவே தெரியாது."

வெளியே வந்து வெகுநேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அனுப்பாமல் விட்டால், அவள் ஒருநாளும் இந்தக் காரில் ஏறப் போவதில்லை. அனுப்பினால், அப்பா தனக்குப் போட்டது அஞ்சுக்கு ஒண்ணு என்று தெரிந்துவிடும். போக்கிடம் இல்லாமல் பெட்டியோடு இறங்கிய அன்றைக்குப் போட்டது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். தினமும் மதியம் இதே நேரம், இதே குரல். இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். இன்றும் நின்றது. தட்டு வைத்தாள், சோறு போட்டாள்.

"பாப்பா என்னைப் பத்தி ஏதாவது கேப்பாளா?"

மனைவியின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து பாப்பா என்ற சொல் வந்தது இன்றுதான்.

"அவ தினமும் கேக்கறது அது ஒண்ணுதான். அப்பா கார் நிக்குதும்மா, நானும் தினம் போட்டுப் பாக்கறேன், அவர்தான் எடுக்க மாட்டேங்கறார்னு சொல்றா. இன்னிக்குக் காலையில கிட்டப் போய் நின்னாலாவது வருமான்னு பாத்தாளாம்."

அப்படியானால் அந்த நாலு எட்டு அதற்குத்தான். சார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அவ பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளிட்டு எழுந்திருச்சுடுவீங்க. யார்கிட்ட சொல்றது? அவகிட்டயும் சொன்னேன், போய் கண்ணாடியைத் தட்டுடின்னு. அவர் கூப்பிடட்டும்கறா. யார் பெத்த பொண்ணு?"

சார் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்று போட்டதை, அதனால் ஆனதை, கவுன்ட்டர் அம்மாள் சொன்னதை. மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

"அதை அனுப்பாதீங்க" என்றாள். "அந்த எழவு ஒண்ணு அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ இன்னிக்கு அஞ்சரைக்கு வேலை விட்டு வருவா. நேராப் போய் 'வா பாப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஓடி வந்து ஏறிக்குவா. எனக்காகவாவது இதை மறைச்சிடுங்க."

நியாயமான பேச்சு. சாருக்கும் அது தெரிந்தது. இன்று மாலையே மகள் இந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கை கழுவப் போனவர் குழாயைத் திறந்தபடியே நின்றார்.

"தப்பாப் போட்ட மார்க்கை நான் பையனுக்குத் தெரியாம திருத்தினதே இல்ல. பக்கத்துல கூப்பிட்டு, பேப்பரைக் காட்டி, எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லித்தான் திருத்துவேன். அவளுக்கு மட்டும் திருட்டுத்தனமா எப்படித் திருத்தறது?"

"பள்ளிக்கூடம் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள் மனைவி. அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது. ஈரக் கையோடு வந்து அவர் ஃபோனை எடுத்தார். 'அனுப்பு' என்பதைத் தட்டினார். ஈரத்தால் முதல் தடவை பதியவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை தட்டினார்.

ஐந்தரைக்குப் பல் கூடத்தின் எதிரே நின்றார். இந்தத் தெருவுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வரிசையாகப் பல் செட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை மேலங்கி போட்டவர்கள் ஒவ்வொருவராக அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தார்கள். பாப்பா கடைசியில் வந்தாள். விரல் நுனியெல்லாம் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு.

படியில் நின்று ஃபோனை எடுத்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தாள். கேள்வித்தாளை அப்படிப் படிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

தலையை நிமிர்த்தியவள் எதிரே வெள்ளைக் காரைப் பார்த்தாள். தெருவைத் தாண்டி நேராக அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"மரியாதைக் குறைவுன்னு போட்டிருக்கு" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. "நான் என்னப்பா பண்ணேன்?"

"தேங்க்ஸ் சொன்ன."

ஒரு லாரி கடந்து போகும் வரை காத்திருந்தாள்.

"வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கிட்டு வந்தேம்பா. வாயைத் திறந்தா உடைஞ்சுடுவேன்னு பயம். கடைசியில அந்த ஒரு வார்த்தைதான் அழாம சொல்ல முடிஞ்சது." பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அன்னிக்கு நான் உங்களுக்கு அஞ்சு போட்டேன். அப்பாங்கறதுக்காகப் போடல. அவ்வளவு கோபத்துலயும் மேடு பள்ளம் பாத்து, பெட்டி குலுங்காம, மெதுவாக் கொண்டு வந்து விட்டீங்க. அதுக்குப் போட்டேன்."

சார் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது இரண்டே சொல். மனைவி மதியம் சொல்லியே கொடுத்திருந்தாள். வா பாப்பா. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் பின்னால் ஒரு நீலக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் படியில் நிற்கும்போதே கேட்டிருந்த கார் போலிருக்கிறது.

"என் வண்டி வந்துடுச்சு" என்றாள் பாப்பா. இரண்டடி போனவள் திரும்பி, "வெயில்ல நிக்காதீங்க" என்றாள். அப்புறம் நீலக் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் அவரைத் தாண்டிப் போகும்போது அவள் இவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கை ஃபோனில் இல்லை. இரண்டு கையும் முகத்தில் இருந்தன.

வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. மனைவிக்கு அதுவரை பொறுக்க முடிந்ததே பெரிது. என்ன சொன்னாள், ஏறினாளா என்று கேட்டாள். சார் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார். சம்மதம் என்றும் இல்லை, மறுப்பு என்றும் இல்லை. பயணியின் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. இந்தத் தடவை அவர் சின்ன எழுத்தை விடாமல் இரண்டு முறை படித்தார்.

"ஏழு நாள் டயம் இருக்கு" என்றார். "நாளைக்குக் காலையில நான் வழக்கம்போலப் போய் நிக்கறேன்."